அலையும் ஓயவில்லை, பாட்டும் ஓயவில்லை!

நாற்பது ஆண்டுக்கு முந்தைய சினிமா இசைக்கு இன்றும் இத்தனை மவுசு ஏன்?

குமரி மாவட்டத்தில் முட்டம் என்று ஒரு கடற்கரைக் கிராமம். செம்மண் மேடு, அலை மோதும் பாறைகள், ஒரு கலங்கரை விளக்கம். ஞாயிற்றுக்கிழமை மாலை என்றால் நாகர்கோவில், தக்கலை, குளச்சல் பக்கங்களிலிருந்து ஜனங்கள் குடும்பம் குடும்பமாக வந்து சேருகிறார்கள். கல்லூரி வாலிபர்கள் பாறைமேல் நின்று செல்போனில் படம் பிடிக்கிறார்கள். பிடித்த படத்துக்கு ஒரு பாட்டைப் பின்னணியாகச் சேர்த்து, நின்ற இடத்திலிருந்தே நண்பர்களுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

அந்தப் பாட்டு எது? பல வேளைகளில், அவர்கள் பிறப்பதற்கு இருபது ஆண்டுக்கு முன்னே பதிவான பாட்டு! 1981-ம் ஆண்டு பாரதிராஜா இதே முட்டத்தில் படமாக்கிய 'அலைகள் ஓய்வதில்லை' படத்தின் பாட்டு. கார்த்திக்கும் ராதாவும் அறிமுகமான படம் அது. ஐந்து ஆண்டு கழித்து, 1986-ல், அதே டைரக்டர் சத்யராஜையும் ரேகாவையும் வைத்து 'கடலோரக் கவிதைகள்' படத்தை இதே கரையில் எடுத்தார். இரண்டுக்கும் இசை இளையராஜா.

படம் பிடிக்க வந்தவர்கள் அன்றே மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அன்று காதல் ஜோடியாக நடித்தவர்கள் இன்று அப்பா, அம்மா வேஷம் கட்டுகிறார்கள். பாட்டுக்கு மட்டும் வயது ஆகவில்லை.

இது முட்டத்து விசேஷம் மட்டும் அல்ல. 2024-ல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்ற மலையாளப் படம் தமிழ்நாட்டில் சக்கைப்போடு போட்டது. அதன் உச்சக் கட்டத்தில் ஒலித்தது 1991-ம் ஆண்டு 'குணா' படப் பாட்டு. அதே 2024-ல் வந்த 'லப்பர் பந்து' படத்தில் கிரிக்கெட் மைதானத்தில் ஒலித்தது, விஜயகாந்த் நடித்த 'பொன்மனச் செல்வன்' படத்தின் பாட்டு. அது 1989-ம் ஆண்டுச் சரக்கு. 2025-ல் அஜித்குமார் நடித்த 'குட் பேட் அக்லி' படத்தில் மூன்று பழைய பாட்டுகள். அவற்றில் 'சகலகலா வல்லவன்' (1982), 'விக்ரம்' (1986) ஆகிய படங்களின் பாட்டுகளும் அடக்கம். அனுமதி இல்லாமல் தம் பாட்டுகளைப் பயன்படுத்தினார்கள் என்று இளையராஜா வழக்குப் போட்டார். செப்டம்பரில் சென்னை ஐகோர்ட்டு இடைக்காலத் தடை விதித்தது.

கோடிக்கணக்கில் செலவிட்டு எடுக்கும் புதுப் படத்துக்கு நாற்பது ஆண்டுக்கு முந்தைய பாட்டு ஏன் தேவைப்படுகிறது? கோர்ட்டுப் படி ஏறும் அளவுக்கு அதற்கு மதிப்பு எங்கிருந்து வந்தது?

மேல்நாட்டிலும் இதே கதை

தமிழர்களுக்குத்தான் இந்தப் பழம்பாட்டுப் பித்து என்று எண்ணிவிட வேண்டாம். 1985-ல் கேட் புஷ் என்ற இங்கிலாந்துப் பாடகி வெளியிட்ட ஒரு பாட்டை, 2022-ல் ஒரு அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் எடுத்துப் பயன்படுத்தியது. அவ்வளவுதான். வெளிவந்து முப்பத்தேழு ஆண்டு ஆன பிறகு அந்தப் பாட்டு பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதல் இடத்துக்கு ஏறியது! விழுந்து விழுந்து கேட்டவர்களில் பெரும் பகுதியினர் 1985-ல் பிறக்காதவர்கள்.

அந்தப் பத்தாண்டில் உலகம் எங்கும் இசையில் ஒரு புது வெள்ளம் பாய்ந்தது. 1980-ல் ரோலண்டு கம்பெனியின் தாள இயந்திரம் வந்தது. 1983-ல் யமஹா கம்பெனியின் டிஎக்ஸ்-7 என்ற சிந்தசைசர் வந்தது. ஒரு கருவி மற்றொரு கருவியுடன் பேசிக்கொள்ள 'மிடி' என்ற பொது முறையும் அதே ஆண்டு பிறந்தது. வாத்தியக் கோஷ்டி வைக்க வசதி இல்லாத பிரிட்டிஷ் வாலிபர்கள் நாலைந்து பேர் ஒரு சிந்தசைசரை வைத்துக்கொண்டு புது மாதிரிப் பாட்டுகளைப் போட்டார்கள். 'நியூ வேவ்' என்று அதற்குப் பெயர் வந்தது. புதிய அலை!

முட்டத்திலும் அப்போது ஒரு புதிய அலைதான் வீசியது.

பழைய நினைவுதானா?

"இளமையில் கேட்டது இனிக்கும். இதில் ஆராய என்ன இருக்கிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்த வாதத்தை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. 1984-ல் பதினைந்து வயதுப் பையனாக இருந்தவர் இன்று ஐம்பத்தைந்தைத் தாண்டிவிட்டார். கையில் நாலு காசு இருக்கிறது; மனசில் பழைய ஏக்கம் இருக்கிறது. பதின்பருவத்திலும் இருபதுகளின் தொடக்கத்திலும் கேட்ட பாட்டு மூளையில் ஆழமாகப் பதியும் என்று மனோதத்துவ நிபுணர்களும் சொல்கிறார்கள்.

ஆனால் அவருடைய மகன் ஏன் கேட்கிறான்? இந்தக் கேள்விக்கு ஒரு விடை 2013-ல் கிடைத்தது. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் கல்லூரி வயதினரிடம் பல பத்தாண்டுகளின் பாட்டுகளைப் போட்டுக் காட்டினார்கள். தங்கள் காலத்துப் பாட்டுகளைப் போலவே, பெற்றோரின் வாலிப காலத்துப் பாட்டுகளோடும் அவர்களுக்கு ஒட்டுதல் இருப்பது தெரிந்தது. அப்பா காரில் போட்ட பாட்டும், அம்மா அடுக்களையில் முணுமுணுத்த பாட்டும் பிள்ளையின் காதில் தங்கிவிடுகின்றன.

இந்த விடையும் முழு விடை ஆகாது. எண்பதுகளில் வந்த பாட்டெல்லாம் நின்றுவிடவில்லை. வெள்ளிக்கிழமை வந்து அடுத்த வெள்ளிக்கிழமை பெட்டிக்குள் போன படங்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. அவற்றின் பாட்டுகளை இன்று சொன்னால் யாருக்கும் நினைவு வராது. காலம் என்ற முறம் புடைத்துப் புடைத்து, பதரை எறிந்துவிட்டு, மணியை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறது. இன்று கேட்பது அந்த மணியைத்தான். இருந்தாலும், ஒரு பத்தாண்டிலிருந்து மட்டும் இத்தனை மணி தேறியது எப்படி?

கருவி புதிது, மெட்டு பழகியது

முதல் காரணம் பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. பண்ணைப்புரத்தில் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராஜனோடு மேடை மேடையாகச் சுற்றி, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டுச் சங்கீதம் கற்று, ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்து, 1976-ல் 'அன்னக்கிளி' மூலம் அறிமுகமானவர் இளையராஜா. வயல்வெளிப் பாட்டும் கர்நாடக ராகமும் மேல்நாட்டு இசைக்குறிப்பும் ஒரே கையில் கூடின. 1978-ல் வந்த 'ப்ரியா', ஸ்டீரியோ முறையில் பாடல்கள் பதிவான தமிழ்ப் படங்களுக்கு வழிகாட்டி என்று பெயர் பெற்றது.

புதுக் கருவிகளை அவர் ஒதுக்கவில்லை. 'விக்ரம்', 'புன்னகை மன்னன்' ஆகிய 1986-ம் ஆண்டுப் படங்களில் மின்னணு ஓசை தாராளமாகவே ஒலித்தது. அவருடைய குழுவில் அந்நாளில் கீபோர்டு வாசித்த திலீப் என்ற வாலிபர்தான், 1992-ல் 'ரோஜா' மூலம் ஏ.ஆர். ரகுமானாக உலகுக்குத் தெரிந்தார்.

ஆனால் மெஷின் வந்ததற்காக மனிதரை வெளியே அனுப்பவில்லை. விஜி மானுவலின் கீபோர்டு, சதானந்தத்தின் கிட்டார், புருஷோத்தமனின் டிரம்ஸ், நெப்போலியனின் புல்லாங்குழல் இவற்றோடு ஒரு வயலின் பட்டாளமே உட்கார்ந்து, எழுதித் தந்த குறிப்பைப் பார்த்து ஒன்றாக வாசித்தது. எஸ்.பி. பாலசுப்ரமணியமும் எஸ். ஜானகியும் மலேசியா வாசுதேவனும் மைக்குக்கு முன் நின்று பாடினார்கள். பிரிட்டிஷ் வாலிபர்கள் கோஷ்டி இல்லாததால் மெஷினைப் பிடித்தார்கள். இங்கே கோஷ்டியும் இருந்தது, மெஷினும் வந்து சேர்ந்தது. ஓசை புதுமையாக இருந்தது; மெட்டோ தாலாட்டிலும் ஏற்றப்பாட்டிலும் பழகியதாக இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஒரு தடவை கேட்டால் முணுமுணுக்கலாம். சங்கீதம் படித்தவருக்கு நூறாவது தடவை கேட்கும்போதும் புதிதாக ஒன்று அகப்படும்.

குமரிக் காற்றில் வந்த பாட்டு

நல்ல பாட்டு மட்டும் இருந்தால் போதுமா? காதுக்கு வந்து சேர வேண்டாமா? இங்கேதான் குமரி மாவட்டத்தின் கதை சுவாரசியமானது.

1950-களில் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஓரங்கட்டியபோது, அந்த இடைவெளியை நிரப்பியது இலங்கை வானொலி. கடலுக்கு அப்பாலிருந்து வந்த அந்த ஒலி தென்கோடி மாவட்டங்களில் அடுத்த வீட்டுக் குரல்போலத் தெளிவாகக் கேட்டது. கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்கள் குமரி மாவட்ட வீடுகளுக்கு உறவினர் குரல் மாதிரி. பிறகு 1984 அக்டோபர் 30 அன்று இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் திறக்கப்பட்டது. டில்லியிலோ பம்பாயிலோ அல்ல, நாகர்கோவிலில்! எண்பதுகளின் இசை உச்சியில் இருந்த நேரத்தில், ஊருக்கென்றே ஒரு வானொலி கிடைத்தது.

இன்னொரு பக்கம் மலையாளம். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் பின் திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த மண் அல்லவா? விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் ஒரு வீட்டில் தமிழ்ப் பாட்டு, அடுத்த வீட்டில் மலையாளப் பாட்டு. 1982-ல் 'ஆட்டோ ராஜா' படத்துக்கு இளையராஜா தந்த ஒரு மெட்டு, அதே ஆண்டு 'ஓளங்ஙள்' என்ற மலையாளப் படத்திலும் வந்தது. களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் ஒரு சொல், அந்தப் பக்கம் ஒரு சொல், மெட்டு ஒன்றே. 2009-ல் 'பா' என்ற இந்திப் படத்திலும் அதே மெட்டு ஏறியது. பாஷை மாறியும் மெட்டு தாக்குப் பிடித்தது என்றால், அதன் எலும்பு எத்தனை உறுதி என்று பார்த்துக்கொள்ளலாம்.

குழாயும் கேசட்டும்

வானொலியைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அன்று பாட்டு தனி ஆளின் சொத்தாக இல்லை. ஊருக்கே பொதுவாக இருந்தது.

அம்மன் கோயில் கொடை என்றால் தென்னை மரத்தில் குழாய் கட்டுவார்கள். கோட்டாறு சவேரியார் திருவிழாவானாலும் மண்டைக்காட்டுக் கொடையானாலும், கடைத்தெரு முழுக்கப் பாட்டுச் சத்தம். கல்யாண வீட்டில் முதலில் வந்து இறங்குவது மைக் செட்டு. ராத்திரி கானமேளாவில் உள்ளூர்ப் பாடகர் எஸ்.பி.பி.யாக மாறுவார். டீக்கடையிலும் சலூனிலும் பஸ்ஸிலும் அதே பாட்டு. கேட்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமல் இருக்கவும் வழி இல்லை. பரீட்சைக்குப் படித்த மாணவனும் படுக்கையில் கிடந்த நோயாளியும் அந்தக் குழாயைச் சபித்திருப்பார்கள். ஒலிமாசு விதிகள் 2000-ம் ஆண்டில் வந்து, இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு விதித்தது நியாயமே. ஆனாலும், பண்ணையார் வீடும் பனையேறி வீடும், கடற்கரையும் வயல்கரையும், ஒரே நேரத்தில் ஒரே பாட்டைக் கேட்டன என்பதை மறுப்பதற்கில்லை.

அதோடு கேசட்டு வந்து சேர்ந்தது. அரபு நாட்டுக்கு வேலைக்குப் போனவர் விடுமுறையில் வரும்போது ஒரு 'டூ-இன்-ஒன்' பெட்டியைச் சுமந்து வருவார். அது வந்த வீடு அந்தத் தெருவின் கச்சேரி மண்டபம். கேசட்டுக் கடைக்குப் போய், வேண்டிய பாட்டுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், காலிக் கேசட்டில் பதிந்து தருவார்கள். பக்கத்துக்கு ஆறு பாட்டு, ஏழு பாட்டு. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று அண்ணன் தம்பிக்குள் சண்டையே நடக்கும். நாடா சிக்கினால் பென்சிலை விட்டுச் சுற்றிச் சரிசெய்து மறுபடியும் அதையே கேட்பார்கள். இருந்தது கொஞ்சம், ஆகையால் கேட்டது அதிகம்.

ஊர் கூடிக் கேட்டதை வீட்டிலும் வைத்துக் கேட்க முடிந்த முதல் தலைமுறை அது. ஆகவே ஒரு பாட்டைச் சொன்னால் ஒரு ஆளின் ஞாபகம் மட்டும் வருவதில்லை. ஒரு கொடை, ஒரு கல்யாணம், ஒரு பஸ் பயணம், கூட இருந்த பத்துப் பேர் சேர்ந்து வருகிறார்கள். 'லப்பர் பந்து' ஓடிய தியேட்டரில் முகம் தெரியாதவர்கள் ஒன்றாக விசிலடித்தார்களே, அதன் ரகசியம் இதுதான். புதுப் படத் தயாரிப்பாளர் விலைக்கு வாங்க விரும்புவதும் அந்தக் கூட்டு ஞாபகத்தைத்தான்.

உரிமை யாருக்கு?

ஊர் கேட்டதால் பாட்டுக்கு மதிப்பு வந்தது. மதிப்பு வந்ததால் வழக்கும் வந்தது.

1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்து இசை அமைக்கச் செய்த படத் தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்று சுப்ரீம் கோர்ட்டு 1977-ல் சொன்னது. எண்பதுகளின் பாட்டெல்லாம் பிறந்தது அந்த நிழலில். பாட்டு எத்தனை லட்சம் கேசட்டு விற்றாலும் அதைப் போட்டவருக்குப் பங்கு நிச்சயம் இல்லை. 2012-ல்தான் பார்லிமெண்டு சட்டத்தைத் திருத்தியது. உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டாலும், தியேட்டருக்கு வெளியே பாட்டு ஈட்டும் வருமானத்தில் இசை அமைப்பாளருக்கும் கவிஞருக்கும் சம பங்கு உண்டு என்று அந்தத் திருத்தம் சொல்கிறது.

இளையராஜா 2017-ல் எஸ்.பி.பி.க்கே நோட்டீசு அனுப்பியபோது ரசிகர்கள் துடித்துப்போனார்கள். பிறகு இருவரும் சமாதானமாகி ஒரே மேடையில் தோன்றினார்கள். 2020 செப்டம்பர் 25 அன்று எஸ்.பி.பி. மறைந்தார். 2024-ல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' தயாரிப்பாளருக்கும் நோட்டீசு போயிற்று. "ஜனங்கள் கொண்டாடும் பாட்டுக்கு அவர் எப்படி உரிமை கேட்கலாம்?" என்று சிலர் கோபிக்கிறார்கள்.

இதில் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. பாட்டை வைத்துக் கோடிகள் சம்பாதிக்கும் படக் கம்பெனி, பாட்டைப் போட்டவரைக் கேட்டு, உரிய பணத்தைத் தருவதில் என்ன குறைந்துவிடும்? உழைத்தவன் கூலி கேட்பது பேராசை ஆகாது. கோயில் கொடையில் பாடும் கானமேளாப் பாடகரின் கதை வேறு. மதச் சடங்குகளிலும் கல்யாண ஊர்வலத்திலும், கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களிலும் பாட்டை ஒலிக்க அந்தச் சட்டமே விலக்கு அளித்திருக்கிறது. அந்த விலக்கின் எல்லை எதுவரை என்பதில் வழக்குகள் நடந்திருக்கின்றன. ஆயினும் சட்டத்தின் எண்ணம் தெளிவானது: வியாபாரத்துக்குக் கணக்கு உண்டு, ஊர்க் கொண்டாட்டத்துக்கு வாசல் திறந்திருக்க வேண்டும்.

அந்த உரிமைக்கும் ஒரு காலக் கெடு உண்டு. ஒலிப்பதிவுக்கு அறுபது ஆண்டு. முட்டத்தில் படமான 1981-ம் ஆண்டுப் பாட்டுகளின் ஒலிப்பதிவு 2042 பிறக்கும்போது பொதுச் சொத்தாகிவிடும். மெட்டுக்கான உரிமை, போட்டவரின் ஆயுளுக்குப் பிறகும் அறுபது ஆண்டு நீடிக்கும்.

இனி வரும் பாட்டு

உண்மையான கவலை வேறு இடத்தில் இருக்கிறது. இன்று உலகத்துப் பாட்டெல்லாம் சட்டைப் பையில் இருக்கிறது. ஒரே பஸ்ஸில் ஐம்பது பேர், ஐம்பது காதில் ஐம்பது பாட்டு. பக்கத்து சீட்டுக்காரர் என்ன கேட்கிறார் என்று யாருக்கும் தெரியாது. நிம்மதிதான், தலைவலி இல்லை. இன்றும் நல்ல மெட்டுகள் பிறக்கின்றன. நல்ல குரல்கள் வருகின்றன. 2025 மார்ச் மாதம் லண்டனில் தம் சிம்பொனியை அரங்கேற்றிய இளையராஜா, எண்பது வயதைத் தாண்டியும் எழுதுகிறார். திறமைக்குப் பஞ்சம் இல்லை. ஒன்றாக உட்கார்ந்து கேட்பதற்குத்தான் பஞ்சம்.

இன்றைய பாட்டை 2065-ல் யார் நினைவில் வைத்திருப்பார்கள்? தனியே கேட்டது தனியே மறந்துபோகும். ஊரோடு கேட்டதை, ஒருவர் மறந்தாலும் இன்னொருவர் எடுத்துக் கொடுப்பார்.

குழாயை மறுபடியும் தென்னை மரத்தில் கட்டு என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் கொடை நடத்தும் கமிட்டியாரும் திருவிழா நடத்தும் பங்குமக்களும் ஒன்று செய்யலாம். கானமேளாவில் பத்துப் பாட்டு பழசு என்றால், இரண்டு மூன்று பாட்டு புதுசுக்கும் இடம் கொடுக்கலாம். வாரம் ஒரு நாள் வீட்டில் கருவியைக் காதிலிருந்து கழற்றி மேஜைமேல் வைத்து, தாத்தாவும் பேத்தியும் சேர்ந்து கேட்கலாம். பேத்தியின் பாட்டு தாத்தாவுக்குப் பிடிக்காமல் போகலாம். சண்டை போட்டுக்கொண்டு கேட்டதும் நினைவில் நிற்கத்தான் செய்யும். கேசட்டுக் காலத்து அண்ணன் தம்பிகளைக் கேட்டால் தெரியும்.

முட்டத்தில் பொழுது சாய்ந்து, கலங்கரை விளக்கம் சுற்றத் தொடங்கியதும் கூட்டம் கலைகிறது. படம் பிடித்த வாலிபர்கள் பஸ் ஏறுகிறார்கள். ஒருவன் செல்போனில் அந்த 1981-ம் ஆண்டுப் பாட்டைச் சற்று உரக்கவே வைக்கிறான். முன் சீட்டில் இருக்கும் நரைத்த தலைக்காரர் திரும்பிப் பார்க்கிறார். சத்தத்தைக் குறைக்கச் சொல்லப்போகிறார் என்று பையன் நினைக்கிறான்.

"இன்னும் கொஞ்சம் கூட்டி வை, மக்கா!" என்கிறார் பெரியவர்.